வறண்ட கிணற்றின் அருகே

பிரார்த்தனையைக் கைவிடுவோர் இரு திறத்தினர். அதனாற் பயனில்லை என்று எண்ணி விடுவோர் ஒரு திறத்தினர். அதற்குத் தமக்குத் தகுதியில்லை என்று எண்ணி விடுவோர் மற்றொரு திறத்தினர். முன்னவரோடு வாதிடலாம். பின்னவர் நிலையோ இரங்கத்தக்கது. தம் விலகலைப் பணிவு என்றே அவர்கள் நம்புகின்றனர். கிறிஸ்தவ உலகம் பிரார்த்தனையின் ஆசிரியை எனப் போற்றும் அவிலா நகரத்துப் புனித தெரேசம்மாளும் ஒரு காலத்தில் இத்திறத்தினராகவே இருந்தார் என்பதைப் பலர் அறியார்.

ஸ்பானிய நாட்டிலே, மதில் சூழ்ந்த அவிலா நகரத்துக் குடும்பமொன்றில், 1515ஆம் ஆண்டு பிறந்தவர் தெரேசா. 1535இல், தமது இருபதாவது வயதில், கார்மேல் சபையாரின் கன்னியர் மடமொன்றிற் சேர்ந்தார். சில ஆண்டுகளிற் கொடிய நோய் அவரைப் பற்றியது. 1539இல் ஏறத்தாழ நான்கு நாட்கள் உணர்வற்றுக் கிடந்தார். இறந்தார் என்றே கருதி, மடத்திலே அவருக்குக் குழியும் வெட்டிவைத்தனர். உயிர் பிழைத்தார், ஆயினும், முடங்கிய உடல் தேறச் சுமார் மூன்று ஆண்டுகள் சென்றன.

நோய்க்குப் பின் வந்த சோதனை அதனினும் நுட்பமானது. அம்மடத்திற் கட்டுப்பாடு மிகுதியில்லை. விருந்தினர் வருவதும் உரையாடுவதும் வழக்கம். தெரேசாவோ இனிமையாகப் பேச வல்லவர். எல்லாரும் விரும்பி நாடினர். மனம் பல திசையிலும் சிதறியது. ‘இத்தகைய நான் இறைவனோடு தனித்திருந்து உறவாடுவது தகுமோ?’ என்ற எண்ணம் தோன்றியது. மற்றையோருடன் கூடி வாய்விட்டுச் செபிப்பதை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளத்துப் பிரார்த்தனையை ஓராண்டுக்கு மேலாக விட்டுவிட்டார். அப்பிரார்த்தனை முறையைத் தம் தந்தைக்குக் கற்பித்தவரும் அவரே. தந்தையாரிடம், நோயினால் இயலவில்லை என்று காரணங் கூறினார், அவரும் நம்பினார்.

தந்தையார் மறைந்த காலத்தில், அவருடைய ஞானகுருவாயிருந்த தொமினிக்கன் சபைத் துறவி ஒருவர் தெரேசாவின் நிலையைக் கேட்டறிந்து, விட்ட பிரார்த்தனையை மீளத் தொடங்குமாறு பணித்தார். பணிவு என்ற வேடத்தில் வந்த அத்தயக்கமே தம் வாழ்வில் நேர்ந்த பெரிய வஞ்சனை என்று தெரேசா பின்னர்த் தமது வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். உடல் தேறியபின் வைத்தியரிடம் செல்வேன் என்று நோயாளி கூறின், நாம் நகைக்கமாட்டோமா? தூய்மை பெற்றபின் பிரார்த்திப்பேன் என்பதும் அதுவே.

மீளத் தொடங்கியவுடன் இன்பம் பெருகியதென எண்ணவேண்டாம். மனம் ஊன்றாத மாணவன் பாடவேளை முடியும் மணியோசைக்குச் செவிசாய்ப்பதுபோலத் தெரேசாவும் பிரார்த்தனை நேரம் முடியும் மணியை எதிர்பார்த்திருந்தார். பல ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன. இதனை அவர் மறைக்கவில்லை. 1554இல், முப்பத்தொன்பதாவது வயதில், விழாவொன்றின் பொருட்டு மடத்திற்குக் கொண்டுவரப்பட்ட, காயமுற்ற இயேசுநாதரின் உருவத்தைக் கண்டார். உள்ளம் உடைந்து, அதன் அடியில் வீழ்ந்து அழுதார். அதற்கு முன்னும் அவர் அழுததுண்டு. இம்முறையோ தம் வலிமையில் வைத்த நம்பிக்கையை முற்றாக விட்டு, இறைவனையே பற்றினார். அவர் வாழ்வு புதிதாயது.

பிரார்த்தனையின் படிகளை விளக்கத் தெரேசா கூறும் உவமை ஒரு தோட்டம். நிலம் களை மண்டிய தரிசு. களை பறித்து, நல்ல செடி நடுபவர் இறைவன். நீர் பாய்ச்சுவது நம் கடன். நீர் பாய்ச்சும் வழிகள் நான்கு. கிணற்றில் நீர் மொண்டு ஊற்றுவது முதலாவது, உழைப்பு அதிகம். நீரிறைக்கும் சக்கரத்தைச் சுழற்றுவது இரண்டாவது. உழைப்புக் குறைவு, நீர் அதிகம். ஆற்று நீரையோ ஓடை நீரையோ பாயவிடுவது மூன்றாவது. வானம் பொழிவது நான்காவது. அதில் மனித முயற்சி ஏதுமில்லை. துலாவில் நீரிறைத்துத் தோட்டஞ் செய்த குடும்பத்தார்க்கு இவ்வுவமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கிணறு வறண்டிருந்தால் என் செய்வது? தோட்டக்காரன் தன் வேலையை விடலாகாது என்பதே தெரேசாவின் விடை. வாளியை இறக்குவது நம் கடமை. நீர் வாராவிடினும் செடியைக் காக்க இறைவன் அறிவார். வாளியில் வெறுமையே ஏறிவந்த ஆண்டுகளைத் தாமே கடந்தவர் ஆதலின், இச்சொல் ஏட்டறிவன்று.

இவ்வாறு புதிதாகிய உள்ளம் செயலிலும் வெளிப்பட்டது. 1562இல் அவிலாவில் எளிய சிறு மடமொன்றை அமைத்தார். 1582இல் மறையும்வரை, நோயுற்ற உடலோடு வண்டிகளிற் பயணஞ்செய்து பதினேழு கன்னியர் மடங்கள் தோன்றக் காரணரானார். அடுக்களைப் பாத்திரங்களின் நடுவிலும் இறைவன் உளன் என்று தம் சகோதரியர்க்குக் கற்பித்தார். 1970இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். அச்சிறப்பைப் பெற்ற முதற் பெண்மணி அவரே.

நல்லுணர்ச்சி தோன்றும் நாளில் எவரும் பிரார்த்திப்பர். உணர்ச்சி வற்றிய நாளிலே, தகுதியில்லை என்று மனம் இடித்துரைக்கும் வேளையிலே, மீண்டும் சென்று அமர்வதே புத்துயிர்ப்பின் தொடக்கம். மழை நம் கையில் இல்லை. வாளி நம் கையில் இருக்கின்றது.