பார்த்தால் மட்டும் போதுமா?

லூதியானாவில், பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில், கிராமியப் பஞ்சாபின் சமூக வரலாற்று அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. டாக்டர் எம். எஸ். ரந்தாவாவின் முயற்சியால் 1970களில் உருவானது. பழங்கால வீட்டின் பாணியில் கட்டடம். உள்ளே செதுக்கு வேலைக் கதவுகள், ராட்டைகள், உழவுக் கருவிகள். சமீபத்தில் மகன், மருமகள், பேரனுடன் அங்கே ஒரு நாளைக் கழித்தோம்.

ஏர்களைப் பார்த்த பேரன் கேட்டான்: "மோட்டார் இல்லாம கிணத்துத் தண்ணி எப்படி வயலுக்கு வந்தது தாத்தா?"

ரயில்வேயில் பல்சக்கரங்களோடு காலம் தள்ளியவன் நான். ரஹட் என்னும் பாரசீகச் சக்கரத்தைத் தாளில் வரைந்து காட்டினேன். மாடு வட்டமாக நடக்கும். படுத்த பல்சக்கரம் நிமிர்ந்த சக்கரத்தைத் திருப்பும். கலயங்களின் மாலை தண்ணீரோடு மேலேறும். நம்மூர்க் கமலையில் மாடு சரிவில் இறங்கிப் பின்னேறும் என்றும் சொன்னேன்.

இரண்டிலும் மாடு நடந்த அளவுதான் தண்ணீர். பின்னர் வந்த மின்மோட்டாருக்குக் களைப்பில்லை. ஊறுவதைவிட உறிஞ்சுவது மிகுந்துபோய், 2009-இல் நெல் நடவைத் தள்ளிப்போடப் பஞ்சாப் அரசு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

இந்தக் கதையைச் சொல்லாவிட்டால் எந்த அருங்காட்சியகமும் பழைய சாமான் கிடங்குதான். இத்தகைய இடம் ஒவ்வொன்றிலும் ஓடும் நிலையில் ஒரு ரஹட் வேண்டும்; குழந்தைகள் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கமலையைக் கண்ணால் கண்ட நம் சங்கத்துப் பெரியவர்கள் பேரப்பிள்ளைகளை அழைத்துச் சென்று, பக்கத்தில் நின்று விளக்க வேண்டும். நமக்குப் பிறகு கண்டு சொல்ல ஆளிருக்காது.