கீழிமையைக் கொஞ்சம் பாருங்கள்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பெம்பானில் இருக்கும் என் மாமா போன் செய்தார். "ஒரு ஆட்டுக்குத் தாடைக்கு அடியில பை மாதிரி தொங்குதும்மா. உங்க ரேடியோவுக்கு வர்ற டாக்டருங்க யாரையாச்சும் கேட்டுச் சொல்றியா?"

தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். வீட்டுக்குப் பின்னால் எட்டு வெள்ளாடுகள். தீபாவளிக்கு இரண்டை விற்றால் பேத்தியின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். பெட்டை ஆடு ஒன்று தலையைத் தொங்கப் போட்டு நின்றது. தாடைக்கு அடியில் நீர் கோத்த வீக்கம். "மூணு மாசத்துக்கு ஒருக்கா எல்லாத்துக்கும் தவறாம புழு மருந்து ஊத்துறேன். இந்தத் தடவ கேக்கலன்னு கம்பெனிய மாத்தி வேற பாட்டில் வாங்கி ஊத்தினேன். கழிச்சலும் இல்ல. அப்புறம் எப்படிம்மா புழுவா இருக்கும்?" என்றார் மாமா.

அந்தக் கேள்வியோடு எனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவரை வீட்டுக்கே அழைத்து வந்தேன். அவர் வீக்கத்தை அதிகம் பார்க்கவில்லை. ஆட்டின் கீழிமையை விரலால் மெல்ல இழுத்தார். உள்பக்கம் சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளைத் தாள் போல இருந்தது. "இரத்தம் இல்லை. புழுதான்" என்றார்.

அந்தப் புழுவுக்கு ஹீமாங்கஸ் என்று பெயர். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம்தான். ஆட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. நான்காவது அறையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு புழு ஒரு நாளைக்குக் குடிப்பது ஏறக்குறைய 0.05 மில்லி. ஒரு துளிதானே என்று நினைக்கலாம். ஆயிரம் புழுக்கள் இருந்தால் ஒரு நாளைக்கு 50 மில்லி, ஒரு வாரத்துக்கு 350 மில்லி. 20 கிலோ ஆட்டின் உடலில் இருக்கும் மொத்த இரத்தமே ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். இரத்தத்தோடு புரதச் சத்தும் போய்விடுவதால்தான் தாடையில் நீர் இறங்குகிறது. இந்தப் புழுவுக்குப் பெரும்பாலும் கழிச்சல் வராது. கழியட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பவர் ஆட்டை இழந்துவிடுவார்.

சரி, மருந்து ஏன் கேட்கவில்லை? மருத்துவர் இரண்டு பாட்டில்களையும் திருப்பிப் படிக்கச் சொன்னார். ஒன்றில் அல்பெண்டசோல், மற்றதில் ஃபென்பெண்டசோல். கம்பெனி வேறு, லேபிள் வேறு. ஆனால் இரண்டும் ஒரே மருந்துக் குடும்பம். ஒன்றுக்குச் சாகாத புழு மற்றதற்கும் பெரும்பாலும் சாகாது. மாமா மாற்றியது பாட்டிலை மட்டும்தான்.

இது மாமா வீட்டுக் கதை மட்டுமல்ல. ஈப்போவில் உள்ள கால்நடை ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய டாக்டர் சந்திரவதனியும் அவருடைய சக ஆய்வாளர்களும் தீபகற்ப மலேசியாவின் ஆட்டுப் பண்ணைகளில் செய்த ஆய்வு 1999இல் வெளியானது. பல பண்ணைகளில் இதே குடும்பத்து மருந்துக்குப் புழுக்கள் அசையவில்லை என்று அது காட்டியது. சபாவில் அரசு இனப்பெருக்கப் பண்ணைகளைப் பற்றி அவர்கள் 2004இல் எழுதியது இன்னும் கவலை தருவது. கையில் இருந்த மருந்துகள் எல்லாமே அங்கே தோற்றுப் போயிருந்தன.

புழுவுக்கு இந்தப் பழக்கத்தைக் கொடுத்தது நாம்தான். எடை பார்க்காமல் கண்ணளவில் ஊற்றுகிறோம். ஒரு பாட்டிலை எல்லா ஆட்டுக்கும் எட்டவைக்கப் பார்க்கிறோம். வெள்ளாட்டின் உடல் மருந்தைச் செம்மறியைவிட வேகமாகக் கழித்துவிடும். அதனால் செம்மறிக்கு எழுதிய அளவு பல மருந்துகளில் வெள்ளாட்டுக்குப் போதாது. அரைகுறை அளவில் பலவீனமான புழு சாகும், வலுவானது பிழைத்து முட்டையிடும். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டைகள் வரை இடும். தேதி வைத்து எல்லா ஆட்டுக்கும் ஒன்றாக ஊற்றினால், அந்த மந்தையில் மிஞ்சுவதெல்லாம் மருந்தை வென்ற புழுவின் வாரிசுகள்தான்.

அதனால்தான் தென்னாப்பிரிக்காவில் ஃபமாச்சா என்ற ஒரு வண்ண அட்டையை உருவாக்கினார்கள். கீழிமையின் நிறத்தைச் சிவப்பிலிருந்து வெள்ளை வரை ஐந்து படிகளில் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வெளிறிய ஆட்டுக்கு மட்டும் மருந்து. சிவந்த கண் உள்ள ஆட்டை விட்டுவிடலாம். அதன் வயிற்றில் மருந்தைச் சந்திக்காத சாதாரணப் புழுக்கள் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும். அவை வலுவான புழுக்களோடு கலந்து, மருந்துக்கு அடங்கும் சந்ததி அற்றுப்போகாமல் பார்த்துக்கொள்ளும்.

கீழிமையை இழுத்துப் பார்ப்பதைச் சொன்னதும், "எங்களுக்கே அப்படித்தான பார்ப்பாங்க" என்றார் மாமா. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரை அவர் இன்னும் மறக்கவில்லை. அந்த வரலாறு பழையது. பால்மரத் தோட்டங்களில் வெறுங்காலோடு நடந்த நம் முன்னோர்களைக் கொக்கிப்புழு வாட்டியது. 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் அறக்கட்டளை அனுப்பிய டாக்டர் டார்லிங்கின் குழு மலாயாத் தோட்டத் தொழிலாளர்களிடையே அதை ஆராய்ந்தது. மருந்து கொடுத்தால் புழு விழுந்தது. ஆனால் கழிப்பறை இல்லாமல் மண் அப்படியே கிடந்தால் புழு மறுபடியும் காலில் ஏறியது. மருந்து மட்டும் போதாது, மண்ணும் மாற வேண்டும்.

ஆட்டுக்கும் அதுதான் கணக்கு. புழுக்கையோடு விழும் முட்டை, நம் ஊர் வெயிலிலும் மழையிலும் ஒரு வாரத்துக்குள் நோய் பரப்பும் குட்டிப்புழுவாகி, ஈரப் புல்லில் ஏறி நிற்கும். அதனால் பனி உலர்ந்த பிறகு ஆட்டை அவிழ்த்து விடுங்கள். ஒரே இடத்தில் கட்டி வைத்து, தரையோடு ஒட்டிய புல்லைக் கரம்ப விடாதீர்கள். செம்பனைக் காட்டில் மேய்த்தால் மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை இடத்தை மாற்றி, பழைய இடத்துக்கு ஒரு மாதம் கழித்துத் திரும்புங்கள். குட்டிப்புழு எதையும் தின்பதில்லை. நம் வெப்பத்தில் தன் சக்தியைச் சீக்கிரம் தீர்த்துக்கொண்டு, ஆடு வராவிட்டால் பெரும்பாலும் செத்துவிடும். கொட்டகையை உயர்த்திப் பலகைத் தரை போட்டு, புல்லை அறுத்துக் கொடுப்பது இன்னும் நல்லது.

வேப்பிலையைப் பற்றி அத்தை கேட்டார். நம் நாட்டு ஆய்வாளர்களும் அதை ஆடுகளுக்குக் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். தீவனத்தோடு கொஞ்சம் கொடுக்கலாம். ஆனால் கண் வெளுத்த ஆட்டுக்கு அதை மட்டும் நம்பிக் காத்திருக்கக்கூடாது.

மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. ஊற்றுவதற்கு முன் ஒருமுறை, ஊற்றிப் பத்துப் பதினான்கு நாள் கழித்து ஒருமுறை, புதுப் புழுக்கையைக் கால்நடை அலுவலகத்தில் கொடுத்து முட்டையை எண்ணச் சொல்லுங்கள். நல்ல மருந்து என்றால் எண்ணிக்கை 95 விழுக்காட்டுக்குமேல் குறைய வேண்டும். இன்னொன்று: மருந்து ஊற்றிய ஆட்டைக் குறிப்பிட்ட நாள் கழியும் வரை அறுக்கக்கூடாது. எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும். தீபாவளிக்கும் முனியாண்டி பூசைக்கும் ஆடு விற்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெட்டை ஆடு பிழைக்கவில்லை. மீதி ஏழில் மூன்று வெளிறியிருந்தன. அவற்றை எடை போட்டு, வேறு குடும்பத்து மருந்தை மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தோம். நான்கை அப்படியே விட்டோம். "பாக்கி நாலுக்கும் ஒரு மூடி ஊத்திட்டா என்னம்மா?" என்று மாமா இரண்டு முறை கேட்டார். வேண்டாம் என்றேன். மனசில்லாமல்தான் பாட்டிலை உள்ளே வைத்தார்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவரே இமையைப் பார்க்கிறார். நேற்று போன் செய்தார். "செவலை ஆட்டுக்கு இன்னிக்குக் கண்ணு ரோஸா இருக்கும்மா."