மூளையின் வேலைக்கு முனியப்பன் பொறுப்பா?

சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் ஒரு குழந்தை மூன்று வயதாகியும் பேசாமலும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராமலும் இருக்குமானால், அநேக வீடுகளில் முதலில் தேடப்படுகிறவர் யார்? முனியப்பன் கோவில் பூசாரியும், குறிகாரனும், ஜாதகக்காரனுந்தான். கயிறு, தாயத்து, மந்திரிப்பு என்று காசு போவதோடு, குழந்தை பழகிக் கற்கவேண்டிய வருஷங்களும் போகின்றன. கடைசியில் பழியோ, “இவள் செய்த பாவம்” என்று தாயின் தலையில் விழுகிறது.

தாயைப் பழிப்பதில் பூசாரிக்குப் படித்த கூட்டாளிகளும் இருந்தார்கள். 1943இல் அமெரிக்காவில் டாக்டர் லியோ கன்னர் இத்தகைய 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். இதுதான் ஆட்டிசம். இதற்குத் தாயின் அன்பில்லாமையே காரணம் என்று அங்குள்ள மேதாவிகள் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். ஆனால் விஞ்ஞானம் சாஸ்திரமல்லவே! அது சோதித்துப் பார்த்தது. 1977இல் வெளிவந்த ஆராய்ச்சியில், ஒரே கரு பிரிந்து பிறந்த 11 இரட்டையர் ஜோடிகளில் 4இல் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவில் உண்டான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படியில்லை. இரு வகையிலும் இரட்டையரை வளர்த்தவள் ஒரே தாய்தானே? அப்படியிருக்க, வளர்ப்பைக் குற்றம் சொல்லுவது எங்ஙனம் பொருந்தும்?

1961இலேயே, இக்குழந்தைகள் சிலரின் இரத்தத்தில் செரோடோனின் என்னும் இரசாயனம் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். 2017இல், ஆட்டிசமுள்ள மூத்த பிள்ளை இருக்கும் வீடுகளின் கைக்குழந்தைகளை எம்.ஆர்.ஐ. படமெடுத்தார்கள். பின்னால் ஆட்டிசம் என்று தெரியவந்த குழந்தைகளுக்கு, 6 மாதத்திலிருந்து 12 மாதத்திற்குள் மூளையின் மேற்பரப்பு அதிவேகமாக விரிந்திருந்தது. இதில் பேய்க்கும் கிரகத்திற்கும் இடமெங்கே?

நிற்க, விஞ்ஞானத்தின் பெயரால் குறி சொல்லுகிறவர்களையும் நாம் விடுவதற்கில்லை. மேற்கண்டவை பலரைச் சேர்த்துப் பார்த்ததில் கண்ட உண்மைகள். ஒரு தனிக் குழந்தைக்கு ஆட்டிசம் உண்டா இல்லையா என்பதை இன்றும் நடத்தையைக் கவனித்தே தீர்மானிக்கிறார்கள். படமோ இரத்தச் சோதனையோ அதைச் சொல்லிவிடாது. ஸ்டெம்செல் சிகிச்சையை ஆட்டிசத்திற்குச் சிபாரிசு செய்வதற்கில்லை என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொல்லியிருக்கிறது. பூமெட்டனைடு என்ற மருந்து பயன் தரவில்லை என்று கண்டதும், 2021இல் அதன் பெரிய சோதனைகளையே நிறுத்திவிட்டார்கள். தன் தாயத்து பலிக்கவில்லை என்று கடையை மூடிய பூசாரி எவனையாவது நாம் கண்டதுண்டா?

நாமக்கல்லில் லாரிக்கு எலுமிச்சம்பழம் கட்டுகிறவனும், எஞ்சின் நின்றுவிட்டால் மெக்கானிக்கைத்தான் கூப்பிடுகிறான். லாரிக்குக் காட்டும் அறிவைப் பெற்ற பிள்ளைக்குக் காட்டக்கூடாதா? சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசாங்க மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஊனமுற்றோர் உரிமைகளுக்கான 2016ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே, சந்தேகம் வந்த அன்றே டாக்டரிடம் காட்டி, பேச்சும் பழக்கமும் கற்பிக்கும் பயிற்சியைத் தொடங்குவதே பெற்றோர் கடமை. பள்ளியில் இடமில்லை என்று தள்ளினால், பிச்சையாக அல்ல, உரிமையாகக் கேட்க வேண்டும். எல்லாவற்றிற்கும் முன்னதாக, தாயைப் பழிக்கும் வாயை இன்றே மூடட்டும்.