வன்னியில் வாகனப் பராமரிப்பும் கைவிடப்படும் அறிவும்

மாட்டு வண்டிலின் அச்சுக்கு மசகிடுவதற்காக வன்னிக் கமக்காரன் எவனும் கொல்லுலைக்குப் போனதில்லை. சில்லுக்கு இரும்புப் பட்டம் பூட்டவேண்டிய நாளிலேயே அவன் கொல்லனை நாடினான். மசகிடுதல் அவனுடைய வேலை, அல்லது அவன் மகனுடைய வேலை. பராமரிப்பு வேறு, பழுதுபார்த்தல் வேறு என்னும் தெளிவு எழுத்தறியாதவனிடத்தும் இருந்தது. இன்று அவனுடைய பேரன் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு லீற்றர் ஒயில் மாற்றுவிப்பதற்காக நகரத்து முகவர் நிலையத்தின் வாசலில் அரை நாட் பொழுதைக் கழிக்கின்றான். இதனை முன்னேற்றம் என்று கொள்வோர் உளர். அக்கொள்கை பிழையானது என்பதே ஈண்டு நிறுவ முற்படுவது.

பேரனுக்கும் பாட்டனுக்கும் இடையில் ஒரு தலைமுறை உண்டு. அதன் வரலாற்றை ஒதுக்கிவிட்டு இவ்விடயத்தைப் பேசுதல் இயலாது. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் வடபுலத்தின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை, 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கை வரை இறுக்கமும் தளர்வுமாக நீடித்தது. பெற்றோல், டீசல், பற்றரி, உதிரிப்பாகம் ஆகியன தடைக்குள் அகப்பட்டன. அக்காலத்தில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலாய பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆதலால் சிறு போத்தலில் காத்துவைத்த பெற்றோலைச் சில துளி காபரேற்றருக்கு ஊட்டி இயக்குவர். சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். பழைய இயந்திரங்களின் அமுக்க விகிதம் குறைவு. அதனாலேயே அவை இத்தரங்குன்றிய எரிபொருளைத் தாங்கின. புதிய யப்பானிய இயந்திரங்கள் தட்டொலி எழுப்பித் தடுமாறின. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் ஆடுதண்டின் வளையங்களைக் கடந்து ஒயிலிற் கலந்து அதனை நீர்க்கச் செய்யும். எனவே ஒயிலை விரலாற் தொட்டும் மணந்தும் பார்த்து அறியவேண்டியிருந்தது. பிளக்கிற் படிந்த கரியைச் சுரண்டுதல் பற்துலக்குதல்போல் அன்றாடக் கருமமாயிற்று.

இதனைக் காவியமாக்க வேண்டியதில்லை. அப்புகையைச் சுவாசித்த நெஞ்சுகளும் தேய்ந்துபோன இயந்திரங்களும் உரிய விலையைக் கொடுத்தன. வறுமை கற்பித்த பாடத்துக்காக வறுமையை வாழ்த்துவது அறிவன்று. ஆயின் அப்பாடத்தைக் கற்றவர்கள் பொறியியலாளர்கள் அல்லர். சாரதிகளும் கமக்காரரும் தட்டிவான் ஓட்டியவர்களும் கடைக்காரரும் ஆவர். இயந்திரத்தின் உள்ளே நிகழ்வது யாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அறியாதவன் வண்டி ஓடவில்லை.

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தபோது, அம்மக்கள் ஓட்டிச்சென்ற உழவு இயந்திரங்களும் மோட்டார் சைக்கிள்களும் முள்ளிவாய்க்கால், புதுமாத்தளன் வெளிகளிற் குவிந்து துருவேறிக் கிடந்தன. மீளக்குடியேறியவர்கள் வெறுங்கையுடன் வந்தனர். ஏ9 வீதியின் இருமருங்கும் நிதி நிறுவனங்களும் வாகன முகவர் நிலையங்களும் வரிசையாகத் திறக்கப்பட்டன. வங்கியிற் பணமில்லாதவனுக்கும் லீசிங்கில் வண்டி கிடைத்தது. வண்டியோடு ஒரு சிறு புத்தகமும் கிடைத்தது. அதிலே ‘இலவச சேவை’ என்று அச்சிட்ட தாள்கள் சில இருந்தன. கூலி மட்டுமே இலவசம். ஒயிலுக்கும் வடிகட்டிக்கும் முகவர் குறித்த விலை. அத்தாள்கள் தீர்ந்தபின் கூலியும் சேர்ந்துகொள்ளும். அதற்குள் அங்கே போவது பழக்கமாகிவிடும். வாகனத்தை விற்பவன் ஒருமுறை இலாபம் பெறுகின்றான். வாங்கியவனுடைய அறியாமையையும் சேர்த்துப் பெற்றவன் ஆண்டுதோறும் பெறுகின்றான்.

முகவர் நிலையத்திற்குப் போகாவிட்டால் உத்தரவாதம் செல்லாது என்பது வழக்கமாகக் கூறப்படும் விடை. உத்தரவாதக் காலத்தில் விதித்தபடி நடப்பதை எவரும் குறைகூறார். ஆனால் அக்காலம் முடிந்து ஐந்தாண்டு கழிந்த வண்டியும் அவ்வாசலிலேயே நிற்பதற்குக் காரணம் யாது? பிறநாடுகளில் இவ்வுத்தரவாதப் பிணைப்பே கேள்விக்குள்ளாயிற்று. தம் நிறுவனத்தின் பாகத்தையோ சேவையையோ விலைகொடுத்துப் பெற்றால் மட்டுமே உத்தரவாதம் செல்லும் என நிபந்தனையிடுவதை ஐக்கிய அமெரிக்காவின் மக்னசன்–மொஸ் சட்டம் 1975ஆம் ஆண்டிலேயே பொதுவிதியாகத் தடைசெய்தது. கொலராடோ மாநிலம் 2023ஆம் ஆண்டில் கமத்தொழில் இயந்திரங்களைத் திருத்தும் உரிமையைச் சட்டமாக்கியது. ஜோன் டியர் உழவு இயந்திரங்களைத் திருத்துவதற்கு முகவரையே நாடவேண்டிய நிலைக்கு எதிராக அந்நாட்டின் மத்திய வணிக ஆணைக்குழு 2025ஆம் ஆண்டு சனவரியில் வழக்குத் தொடுத்தது. பெரும் பண்ணைகளை உடைய அமெரிக்கக் கமக்காரனே இதற்காகப் போராடுகின்றான். இரண்டு ஏக்கர் வயலுடைய மல்லாவிக் கமக்காரனுக்கு இது தேவையில்லை என்பது என்ன நியாயம்?

இன்றைய வண்டிகள் இலத்திரனியல் வண்டிகள், வீட்டில் தொடமுடியாதவை என்பது மற்றொரு வாதம். எரிபொருள் உட்செலுத்தும் தொகுதியைத் தொடவேண்டாம். ஒயிலும் சங்கிலியும் காற்று வடிகட்டியும் ரயர்க் காற்றும் இலத்திரனியல் அல்ல.

காற்று வடிகட்டியைப் பற்றிச் சற்று விரித்துக் கூறுதல் தகும். வன்னியில் இயந்திரத்தின் ஆயுளைக் குறைப்பவற்றுள் தூசிக்கு ஈடானது பிறிதில்லை. ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பகுதிகளின் கிறவல் வீதிகளிலும், கோடையில் உழப்படும் காய்ந்த வயல்களிலும் எழும் தூசி, வடிகட்டி அடைபட்டோ கிழிந்தோ இருப்பின், உருளைச் சுவரை அரத்தாள்போல் தேய்க்கும். பழைய உழவு இயந்திரங்களிலுள்ள ஒயிற் கிண்ண வடிகட்டியைக் கழற்றி, அடியிற் படிந்த சேற்றை அகற்றி, புது ஒயில் வார்க்கக் கால்மணி நேரம் போதும். உழவு நாள்களில் இதனை நாள்தோறும் செய்தல் வேண்டும். நாள்தோறும் எந்த முகவரும் வயலுக்கு வரமாட்டார். இரு சில்லு உழவு இயந்திரத்தின் நீர்த்தொட்டியில் நீர் குறைதலும், அதன் பட்டிகள் தளர்தலும், டீசல் வடிகட்டியில் நீர் சேர்தலும் அத்தகையனவே. காலபோக விதைப்பில் ஒருநாட் தாமதம் மழையைத் தவறவிடுதலாகும். முகவரை நம்பியிருப்பதன் உண்மையான விலை பற்றுச்சீட்டிலே எழுதப்படுவதில்லை.

தொழிற்பிரிவினையே நாகரிகத்தின் அடிப்படை என்று பொருளியல் கற்றோர் சொல்லக்கூடும். அவ்வாறாயின் சோறு சமைப்பதற்கும் கூலியாள் வேண்டும். ஊர்க் கராச்சுக்காரரின் பிழைப்பு கெடும் என்பாரும் உளர். அவருடைய பிழைப்பை நெருக்குவது ஒயிலைத் தானே மாற்றும் அயலவன் அல்லன். கண்ணாடி அறை முகவர் நிலையமே. தன் வண்டியை அறிந்தவன் கராச்சுக்குப் போகும்போது பழுது யாதென்று சொல்லத் தெரிந்தவனாய்ப் போகின்றான். தடுப்பும் திசைமாற்றியும் அனுபவமுள்ள கைக்கே உரியன என்பதையும் அவனே நன்கு அறிவான். கழிவொயிலை வாய்க்காலில் ஊற்றிவிடுவர் என்னும் அச்சம் மட்டும் மதிக்கத்தக்கது. நெல் விளைவதும் குடிநீர் ஊறுவதும் அதே மண்ணில்.

இவற்றுக்கெல்லாம் அடியில் வேறொரு காரணம் உண்டு. அதனைக் கூறுவோர் அரியர். கையழுக்கு இழிவு என்னும் எண்ணமே அது. வண்டியின் அடியிற் படுத்தெழும் வேலையைச் சில சாதிகளுக்கும் படியாதவர்களுக்கும் உரியதென ஒதுக்கிவைத்த சமூகம், படித்தவுடன் அவ்வேலையிலிருந்து விடுபட்டதாக எண்ணிக்கொள்கின்றது. முகவரின் பற்றுச்சீட்டு பலருக்கு அந்தஸ்தின் சான்றிதழ். அறிவியல் நகரிலே பொறியியற் பீடம் 2014ஆம் ஆண்டு முதல் இயங்குகின்றது. அதன் அருகே 2016ஆம் ஆண்டில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் அமைந்தது. வவுனியா வளாகம் 2021ஆம் ஆண்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. டீசற் சக்கரத்தின் அமுக்க–கனவளவு வரைபடத்தைப் பிழையின்றிக் கீறி, வெப்ப வினைத்திறனைக் கணிக்கும் மாணவன், விடுதி வாசலில் நிற்கும் தன் மோட்டார் சைக்கிளின் ஒயில் மட்டத்தைப் பார்க்கத் தெரியாதவனாய் இருப்பின், அப்பட்டத்தின் பெறுமதி என்ன? விரிவுரையாளர்களும் இவ்வினாவுக்கு விலக்கல்லர்.

பெண்கள் திறத்தில் இவ்விழப்பு இருமடங்கு. போர் வன்னியிற் பல குடும்பங்களைப் பெண்களின் பொறுப்பில் விட்டுச்சென்றது. பிள்ளையைப் பள்ளியில் விட்டு வேலைக்குப் போகும் தாயின் ஸ்கூற்றி அவ்வீட்டின் உழைப்புக் கருவி. அவளுக்கு வண்டி ஓட்டக் கற்பித்தவர்கள் அதன் பெட்டியைத் திறக்கக் கற்பிக்கவில்லை. தேய்ந்த பாகம் என்று எதைக் காட்டினாலும் அவள் நம்பவேண்டியிருக்கின்றது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 வரை தனியார் வாகனங்கள் வராதிருந்தமையால், அவளிடமுள்ள வண்டி பழைய வண்டி. 2022இன் நெருக்கடியில் உதிரிப்பாக விலை ஏறியபோது அதனைச் சுமந்தவளும் அவளே.

ஸ்பனர் தொகுதி ஒன்று, ஒயில் வடிக்கும் தட்டு ஒன்று, கழிவொயில் சேர்க்கும் பீப்பா ஒன்று. ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் இவற்றை வைப்பதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. கமக்காரர் அமைப்பொன்றின் ஒருநாட் கூட்டமும் சந்தாவும் போதும். தடைக்காலத்து ஓட்டிகளுட் பலர் இன்று முதியோராய்ப் பரந்தனிலும் புதுக்குடியிருப்பிலும் மாங்குளத்திலும் வாழ்கின்றனர். பல்கலைக்கழகப் பட்டறைகள் சனிக்கிழமைகளிற் பூட்டிக்கிடக்குமாயின், அவற்றைத் திறந்து அம்முதியோரை ஆசிரியராக அழைத்து, மாணவரும் அயற்கிராமத்துப் பெண்களும் அருகருகே நின்று முதலாவது ஒயிலை வடித்துப் பார்க்கலாம். அதற்கு அமைச்சின் சுற்றறிக்கை எதுவும் வேண்டியதில்லை.