நிபுணருக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

2025 ஆகஸ்ட் 19 முதல் பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 விழுக்காடு வரியை ஒன்றிய அரசு எடுத்துவிட்டது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள். பிறகு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். மகாராஷ்டிரத்திலும் தெலங்கானாவிலும் குஜராத்திலும் பருத்தி எடுத்து மண்டிக்கு வண்டி கட்டுகிற மாதங்கள் அவை.

அந்த நாட்களில் தொலைக்காட்சி விவாதங்களை நானும் உட்கார்ந்து பார்த்தேன். விவசாயி பேசினால் திரையில் அவர் சங்கத்தின் பெயர் வரும். ஆலைக்காரர் பேசினால் ஆலைச் சங்கத்தின் பெயர் வரும். சரிதான். ஒருத்தருக்குப் பஞ்சு விலை இறங்கணும், இன்னொருத்தருக்கு ஏறணும். பார்க்கிறவனுக்கு அது புரியும். நடுவில் மூன்றாவதாக ஒருவர் இருப்பார். அவர் பெயருக்குக் கீழே 'பொருளாதார நிபுணர்' என்று மட்டும் போட்டிருக்கும். தீர்ப்பு சொல்வது அவர்தான். அவர் எந்தக் கம்பெனிக்கு ஆலோசகர், அவர் நிறுவனத்துக்கு யார் நன்கொடை தருகிறார்கள் என்று ஒரு வரி இருக்காது.

எல்லாரும் காசு வாங்கினவங்கன்னு நான் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள வழியே இல்லை என்பதுதான் என் புகார். மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார். ஆனாலும் அவர் தரகர் என்று சந்தைக்கே தெரியும். அவர் பேச்சில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் காதில் போட்டுக்கொள்வோம்.

தெரியாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. பசிபிக் கடலில் வட மரியானா தீவுகள் அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்டவை. ஆனால் அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அன்று அங்கே செல்லாமல் இருந்தது. அமெரிக்காவில் மணிக்கு 5.15 டாலர் கூலி என்றிருந்த காலத்தில் அங்கே 3.05 டாலர். சைப்பான் தீவில் இருந்த ஆயத்த ஆடை ஆலைகளில் சீனாவிலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் ஏஜென்டுக்குக் கடன்பட்டு வந்த பெண்கள் தைத்தார்கள். அந்தத் துணி வரியும் கோட்டாவும் இல்லாமல், 'அமெரிக்காவில் தயாரிக்கப்பட்டது' என்ற சீட்டோடு கடைக்குப் போனது.

இந்த ஏற்பாடு கெடாமல் பார்த்துக்கொள்ள வாஷிங்டனில் ஜாக் அப்ரமாஃப் என்ற தரகரை வைத்திருந்தார்கள். தீவு அரசும் ஆடை முதலாளிகள் சங்கமும் அவருடைய வாடிக்கையாளர்கள். டக் பேண்டோ, கேட்டோ என்ற ஆய்வு நிறுவனத்தில் இருந்துகொண்டு பத்திரிகைகளுக்குப் பத்தி எழுதியவர். அப்ரமாஃபின் வாடிக்கையாளர்களுக்குச் சாதகமாக எழுத, கட்டுரைக்கு 2,000 டாலர் வரை வாங்கினார். 12 முதல் 24 கட்டுரை வரை இருக்கும் என்று அவரே ஒப்புக்கொண்டார். 2005 டிசம்பரில் பிசினஸ்வீக் இதழ் இதை வெளியிட்ட பிறகுதான் வாசகர்களுக்கே விஷயம் தெரிந்தது. காசு வாங்காவிட்டாலும் அவர் அதையேதான் எழுதியிருப்பார் என்று வாதாடலாம். இருக்கட்டுமே, வாங்கியதைச் சொல்லிவிட்டு எழுதியிருக்கலாமே! கூலிச் சட்டம் அந்தத் தீவுகளுக்கு வந்தது 2007-இல். அப்போது அப்ரமாஃப் சிறையில் இருந்தார்.

நம் வயலுக்குப் பக்கத்தில் வரும் இன்னொன்று: 2015-இல் கிளைபோசேட் களைக்கொல்லிக்கு ஆதரவாக ஃபோர்ப்ஸ் தளத்தில் ஹென்றி மில்லர் என்பவர் பெயரில் கட்டுரை வந்தது. வரைவை எழுதிக் கொடுத்ததே மான்சாண்டோ என்பது 2017-இல் நீதிமன்ற ஆவணங்கள் வழியாக வெளியே வந்தது. ஃபோர்ப்ஸ் கட்டுரையை நீக்கியது. அந்த இரண்டு வருடத்தில் அதைப் படித்தவர்களிடம் போய் யார் சொல்வது?

சோயா, மக்காச்சோளம், பால் என்று அடுத்தடுத்த ஒப்பந்தப் பேச்சு வரும்போது நிபுணர்களும் வருவார்கள். ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடுங்கள்: எழுதியவருக்கு இந்தச் சரக்கில் என்ன தொடர்பு என்று அடியில் ஒரு வரி அச்சிடச் சொல்லுங்கள். நம்ம இதழும் விலக்கில்லை. மண்புழு உரம் விற்கிறவர் மண்புழு உரத்தைப் பற்றி எழுதினால் அதையும் அடியில் போடணும்.

என் கணக்கு: எனக்கு மூன்று ஏக்கர் மானாவாரிப் பருத்தி. இறக்குமதி வரி இருந்தால் எனக்கு லாபம். எந்தக் கம்பெனியிடமும் வாங்கியதில்லை. கூட்டங்களுக்குப் போய்வர இயக்கத்திடம் பேருந்துக் கட்டணம் வாங்கியிருக்கிறேன்.