உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி தோப்புக்கு ஆகுமா?

பாங்கில் இருந்தபோது டிராக்டர் கடன் கேட்டு வருபவரிடம், "வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுவீங்க?" என்றுதான் முதலில் கேட்பேன். போன மாதம் அதையே என்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஐந்து ஏக்கரில் மா, தென்னை, ஓரமெல்லாம் வேம்பு, புங்கன். மழைக்குப் பிறகு புல் முழங்காலளவு. ஆள் கிடைப்பதில்லை. பிரஷ் கட்டரைத் தோளில் மாட்டினால் ராத்திரி தூக்கம் போச்சு. உட்கார்ந்து ஓட்டும் வண்டியைப் பார்க்கக் கடைக்கே போய்விட்டேன்.

விலையை விடுங்கள். அது சமதளப் புல்தரைக்குச் செய்த வண்டி. நம் தோப்பிலோ வட்டப்பாத்தி வரப்பு, சொட்டுநீர்க் குழாய், வேர், விழுந்த மட்டை. தாழ்ந்த மாங்கிளை ஓட்டுபவர் நெற்றிக்கே வரும். சரிவில் குறுக்கே ஓட்டினால் கவிழும் ஆபத்து வேறு. மரத்தைச் சுற்றி எப்படியும் கையால்தான் வெட்டணும். மழைக்காலத்தில் இரண்டு மூன்று தடவை ஓடிவிட்டு, மீதி மாதமெல்லாம் கொட்டகையில் நிற்கும்.

அதைவிட, நமக்கு எதற்குப் புல்லை ஒட்ட வெட்டணும்? அரை அடி விட்டு வெட்டி மரத்தடியில் மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும். புல்லைப் பையில் அள்ளிக்கொண்டு போகும் மாடல் நமக்கு எதற்கு?

வாங்கியே தீருவேன் என்பவர்கள், வண்டியை உங்கள் தோப்புக்கே கொண்டுவந்து ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். கடை வாசல் சிமென்ட் தரையில் எல்லாமே நல்லாத்தான் ஓடும்.

நான் சக்கரம் வைத்த, தள்ளிக்கொண்டு போகும் பிரஷ் கட்டர் வாங்கினேன். காலையில் ஒரு மணி நேரம், மிச்சம் நாளைக்கு.