பெட்டி மாறின கதை



ஒவ்வொரு தேர்தல் இரவிலும் எங்கட ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே கதைதான்: "பெட்டிய மாத்திட்டானுகள்." தோற்ற கட்சிக்காரர் ஒருவர் தொடங்குவார். விடியும்போது முழு ஊரும் நம்பியிருக்கும். தேர்தல் கடமைக்குப் போகிற ஆசிரியராகக் கேட்கிறேன்: பெட்டிக்கு முத்திரை வைக்கும்போது உங்கட முகவர் எங்கே நின்றார்?

முதல் நாளே பெட்டியையும் வாக்குச்சீட்டுகளையும் எண்ணிப் பாரமெடுத்து, பொலிஸோடு பஸ் ஏறுகிறோம். இரவு வாக்களிப்பு நிலையத்திலேயே படுக்கை. (பெண் ஆசிரியைகள் படும் பாடு தனிக் கதை.) காலையில் வெறும் பெட்டியை முகவர்களுக்குத் திறந்து காட்டிய பிறகுதான் முத்திரை. வாக்களிப்பு முடிந்து துவாரத்தை மூடும்போது முகவர்களும் தங்கட முத்திரையை வைக்கலாம். வாக்கெண்ணும் நிலையம் வரை தங்கட வாகனத்தில் பின்னாலேயே வரலாம். இவ்வளவு உரிமையும் இருக்கிறது. அந்த நேரத்தில் பார்த்தால் கதிரைகள்தான் இருக்கும், ஆட்கள் இல்லை.

"அட்டைப் பெட்டிதானே, பிளேட்டால் கீறலாம்" என்கிறார்கள். 2019இல் 35 வேட்பாளர்கள், 26 அங்குலச் சீட்டு. அதனால்தான் அட்டைப் பெட்டி வந்தது. சரி, கீறி உள்ளே போட்டதாகவே வைப்போம். எத்தனை சீட்டு வந்தது, எத்தனை கொடுத்தது, எத்தனை பழுதானது, எத்தனை மிச்சம் என்று சிரேஷ்ட தலைமைதாங்கும் அலுவலர் கணக்கு எழுதிக் கொடுக்கிறார். எண்ணுமிடத்தில் முதலில் பெட்டியில் உள்ள சீட்டுகளை எண்ணி அந்தக் கணக்கோடு ஒப்பிடுவார்கள். கூடினால் அங்கேயே பிடிபடும்.

சந்தேகமே படக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 1999 வடமேல் மாகாண சபைத் தேர்தலில் முகவர்களை விரட்டிவிட்டுப் பெட்டி நிரப்பினார்கள். 2001 டிசம்பர் 5, தேர்தல் தினத்தன்றே உடத்தலவின்னையில் எங்கட 10 இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலத்தில் முகவராகப் போவது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. இப்போது பகல் சோற்றுப் பார்சல் வரும்வரை இருந்துவிட்டு, "சேர், லுஹருக்குப் போயிட்டு வாறேன்" என்று போகிறவர் மஃரிபுக்குப் பிறகு பேஸ்புக்கில்தான் தலைகாட்டுகிறார்.

அதைவிடக் கேடு, இந்தப் பொய்யை நம்பி "போட்டு என்ன பிரயோசனம்" என்று அடுத்த தேர்தலில் எங்கட உம்மாமார் வீட்டில் இருந்துவிடுவது. பெட்டியை யாரும் தொடாமலே வாக்கு களவு போகிறது.

மாகாண சபைத் தேர்தல் எப்போது வந்தாலும், கட்சி அமைப்பாளர்களே, மச்சானின் மகனுக்கு முகவர் அட்டை கொடுக்காதீர்கள். முத்திரை வைக்கும்வரை இருக்கக்கூடிய, இலக்கங்களைக் குறித்து வைக்கத் தெரிந்த ஒருவரைப் போடுங்கள். படித்த பெண் பிள்ளைகள் ஊரில் எத்தனை பேர்! வாகனத்துக்கு முதல் நாளே பெற்றோல் அடித்து வையுங்கள். பஸ்ஸுக்குப் பின்னால் வாருங்கள்.